மின்னூலைத் தாமே பதிப்பிக்க விரும்பும் எழுத்தாளருக்கு

2007 நவம்பரில் அமேசான் நிறுவனம் மின்னூல் படிப்பதற்கான கிண்டில் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதே, எழுத்தாளர்கள் தங்கள் நூல்களை நேரடியாக ஏற்றி விற்பதற்கான தளம் ஒன்றையும் திறந்துவைத்தது. இன்று கேடிபி (கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங்) என்ற பெயரில் இயங்குவது அந்தத் தளமே. அடுத்த ஆண்டில் ஸ்மாஷ்வேர்ட்ஸ் என்ற மின்னூல் வெளியீட்டுத் தளம் வந்தது. 2012-இல் கோபோ நிறுவனமும் எழுத்தாளர்களுக்கென்று தனி வாசலைத் திறந்தது. 2016-இன் இறுதியில் கிண்டிலில் தமிழ் நூல்களுக்கும் இடம் கிடைத்தது. இவற்றின் பயனாக, எழுதி முடித்த ஒரு கோப்பை விற்பனைக்கு வைப்பது இப்போது ஒரு பிற்பகல் வேலையாகச் சுருங்கிவிட்டது.

சுருங்கியது அந்தக் கடைசிக் கட்டம் மட்டுமே. கைப்பிரதியைச் செம்மைப்படுத்துவது, மெய்ப்புத் திருத்துவது, உரிமைகளைச் சரிபார்ப்பது, அட்டையை உருவாக்குவது, விலை வைப்பது, கணக்குப் பார்ப்பது என்று ஒரு பதிப்பகத்தில் பலர் பகிர்ந்துகொள்ளும் வேலைகள் அனைத்தும் தனி எழுத்தாளர் ஒருவரின் மேசைக்கு வந்து சேர்கின்றன. இவற்றுள் அட்டைக்கும் விளம்பரத்துக்கும் எல்லோரும் போதிய கவனம் கொடுக்கிறார்கள். கோப்புக்குள் இருக்கும் எழுத்து எந்த நிலையில் இருக்கிறது என்பதை மிகச் சிலரே பார்க்கிறார்கள். வாங்கிய நூலை வாசகர் பாதியில் மூடிவைப்பதற்கும், ஒற்றை நட்சத்திரம் கொடுப்பதற்கும் பெரும்பாலும் அதுவே காரணமாக இருப்பதால், இந்த வழிகாட்டியும் அதற்கே அதிக இடம் ஒதுக்குகிறது.

முதலில் கைப்பிரதி

எழுதி முடித்த பிரதியைக் குறைந்தது சில வாரங்களாவது தொடாமல் வைத்திருந்து, பிறகு வேறொரு வடிவத்தில் படியுங்கள். கணினியில் எழுதியவர் கைப்பேசிக்கோ மின்னூல் கருவிக்கோ அனுப்பிப் படிக்கலாம். உரையை ஒலியாக மாற்றும் வசதியை இயக்கிக் கேட்கலாம். கண் தாண்டிச் செல்லும் இரட்டைச் சொற்களும் விடுபட்ட உருபுகளும் காதில் உடனே இடறும். அதன் பிறகே வேறொருவரிடம் கொடுக்க வேண்டும். அவரிடம் கேட்பது என்ன என்பதிலும் தெளிவு வேண்டும். கதையின் போக்கையோ கட்டுரையின் வாதத்தையோ ஆராய்ந்து, எதை நீக்கலாம், எதை விரிக்கலாம் என்று சொல்வது ஒரு வேலை. வாக்கியங்களைச் செம்மையாக்குவது வேறு வேலை. எழுத்துப்பிழை பார்ப்பது மூன்றாவது வேலை. மூன்றையும் ஒரே வாசிப்பில் ஒருவரே செய்துவிட முடியும் என்று எதிர்பார்த்தால் மூன்றுமே அரைகுறையாக முடியும். கையில் இருக்கும் பணம் ஒரே ஒருவருக்குத்தான் போதுமென்றால், அதை அட்டைக்குச் செலவிடுவதைவிட மெய்ப்புத் திருத்துபவருக்குக் கொடுப்பதே மேல் என்பது என் கருத்து.

திருத்தம் தொடங்கும்போதே, இந்த நூலில் பின்பற்றப்போகும் முடிவுகளை ஒரு தனித் தாளில் குறித்துக்கொள்வது பெரும் உதவியாக இருக்கும். பிறமொழிப் பெயர்களை எப்படி ஒலிபெயர்ப்பது, கிரந்த எழுத்துகளை எந்த அளவுக்கு ஏற்பது, எண்களை இலக்கத்தில் தருவதா எழுத்தில் தருவதா, உரையாடலுக்கு ஒற்றை மேற்கோள்குறியா இரட்டையா, ‘சென்றுகொண்டிருந்தான்’ என்று சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பவற்றில் எந்த முடிவும் தவறானதாக இருக்காது. முதல் அத்தியாயத்தில் ஒருவிதமாகவும் ஏழாம் அத்தியாயத்தில் வேறுவிதமாகவும் இருப்பதுதான் தவறு.

எழுத்துரு அல்ல, குறியீடு

நீண்ட காலமாக எழுதிவருபவர்களின் பழைய கோப்புகள் பல, ஒருங்குறி (யூனிகோட்) என்ற பொதுக் குறியீட்டு முறை வழக்குக்கு வருவதற்கு முன்பிருந்த எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு நிறுவப்பட்ட கணினியில் மட்டுமே அவை தமிழாகத் தெரியும். மின்னூல் கருவியில் வெறும் ரோமன் எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது, ஏனென்றால் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் பல எழுத்துகள் கணினிக்கு வெவ்வேறானவை.

‘மரம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பழைய அச்சு நூலை வருடி எடுத்து எழுத்துணரி மூலம் உரையாக்கும்போது, ரகரம் பல இடங்களில் துணைக்காலாகப் படிக்கப்பட்டு, அச்சொல் ‘மாம்’ என்று ஆகிவிடுகிறது. ‘கௌரவம்’ என்பதில் இருக்கவேண்டியது ஔகாரக் குறி. அதற்குப் பதிலாகப் பலர் ‘கெ’ என்பதை அடித்து, அதனருகே ளகரத்தை வைத்து, ‘கெளரவம்’ என்று எழுதிவிடுகிறார்கள். பார்வைக்கு வேறுபாடு அநேகமாகத் தெரியாது. ‘ஔவை’ என்பதை ஒகரமும் ளகரமுமாக அடித்து ‘ஒளவை’ ஆக்குவதும் இதே கதைதான். வாசகர் தம் கருவியில் ‘ஔவை’ என்று தேடினால் அந்த இடங்கள் கிடைக்கமாட்டா. உரையைப் படித்துக்காட்டும் கருவி ‘ஒள’ என்று இரண்டு எழுத்துகளாக உச்சரிக்கும். பார்வையற்ற வாசகர் ஒருவருக்கு அந்தச் சொல் பொருளற்ற ஒலியாகவே போய்ச் சேரும். எகரத்துக்குப் பதில் தமிழ் எண் ஏழும் (௭), ககரத்துக்குப் பதில் தமிழ் எண் ஒன்றும் (௧) நுழைந்துவிடுவது இந்தவகைப் பிழைகளில் கண்டுபிடிக்க மிகவும் கடினமானது.

இவற்றைக் கண்ணால் தேடுவது வீண் உழைப்பு. எழுதும் மென்பொருளில் உள்ள தேடி மாற்றும் வசதியைத் திறந்து, ஐயத்துக்குரிய ஒவ்வொரு சேர்க்கையையும் தனித்தனியே தேட வேண்டும்: ‘ஒள’, ‘கெள’, ‘மெள’, ‘பெள’, அடுத்தடுத்து இரண்டு துணைக்கால்கள், சொல்லின் தொடக்கத்தில் தனித்து நிற்கும் உயிர்க்குறி, தமிழ் எண்கள், சொல்லுக்கும் காற்புள்ளிக்கும் இடையே விழுந்த வெற்றிடம், இரட்டை வெற்றிடங்கள். ஒட்டுமொத்தமாக மாற்றும் பொத்தானை அழுத்தாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். ‘ஒளி’, ‘ஒளிவு’, ‘பெளர்ணமி’ ஆகிய மூன்றிலும் ளகரம் இருக்கிறது, ஆனால் கடைசிச் சொல்லில் மட்டுமே அது பிழை. ‘கொ’ போன்ற எழுத்துகளை ஒருங்குறியில் இரண்டு விதமாகப் பதியலாம்: ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் இடலாம், எகரக் குறியையும் துணைக்காலையும் அடுத்தடுத்தும் இடலாம். தரப்படி இரண்டும் சமமானவையே. இருந்தாலும் எல்லா நிரல்களும் அந்தச் சமத்தை மதிப்பதில்லை என்பதால், கோப்பு முழுவதையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது நல்லது.

கோப்பின் உள்ளமைப்பு

மின்னூலுக்கான பொதுத் தரம் ஈபப். 2007-இல் அதன் இரண்டாம் பதிப்பும் 2011-இல் மூன்றாம் பதிப்பும் வெளிவந்தன; 2017 முதல் உலகளாவிய வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பொறுப்பில் அது இருக்கிறது. உள்ளே பார்த்தால் ஈபப் என்பது சுருக்கிக் கட்டப்பட்ட ஒரு சிறிய இணையதளம்தான்: அத்தியாயங்கள் வலைப்பக்கங்களாகவும், தோற்றத்துக்கான விதிகள் தனிக் கோப்பாகவும், நூலின் பெயர், ஆசிரியர், மொழி, பக்கங்களின் வரிசை ஆகியவை இன்னொரு கோப்பிலும் இருக்கின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பல குழப்பங்கள் தீரும். வலைப்பக்கத்துக்கு நிலையான பக்க எண் கிடையாது. வாசகர் எழுத்தின் அளவைக் கூட்டினால் வரிகள் மாறி ஓடும். எனவே ‘45-ஆம் பக்கம் காண்க’ என்ற குறிப்பு மின்னூலில் பொருளற்றது; அந்த இடத்தில் இணைப்பு கொடுக்க வேண்டும். பிடிஎஃப் கோப்பு இதற்கு நேர்மாறாகப் பக்கத்தை உறையவைக்கிறது. அதைக் கைப்பேசியில் படிப்பவர் ஒவ்வொரு வரிக்கும் திரையை இடமும் வலமும் நகர்த்த வேண்டியிருக்கும். அச்சுக்குப் போன பிடிஎஃப் கையில் இருக்கிறது, அதையே ஏற்றிவிடலாம் என்ற எண்ணத்தைத் தொடக்கத்திலேயே கைவிடுவது நல்லது.

வேர்ட், லிப்ரே ஆஃபிஸ் போன்ற எந்த மென்பொருளிலும் தொடங்கலாம். ஆனால் தட்டச்சுப் பொறியைப் போல அதைப் பயன்படுத்தக் கூடாது. அத்தியாயத் தலைப்பைப் பெரிய எழுத்தாக்கித் தடிமனாக்குவதால் மட்டும் அது தலைப்பாகிவிடாது. மென்பொருளில் உள்ள ‘தலைப்பு 1’ என்ற பாணியை அதற்குக் கொடுத்தால்தான் உள்ளடக்கப் பட்டியல் தானாக உருவாகும், கருவியும் அத்தியாயங்களை அடையாளம் காணும். பத்தியின் முதல் வரியை உள்ளே தள்ள வெற்றிடப் பட்டையைத் தட்டுவது, புதிய அத்தியாயத்தை அடுத்த பக்கத்தில் தொடங்குவதற்காக என்டர் விசையை வரிசையாக அழுத்துவது ஆகியவை அச்சில் ஒப்பேறும். மின்னூலில் அவை ஒரு திரையில் வெற்றிடமாகவும் இன்னொரு திரையில் கோணல் வரியாகவும் வெளிப்படும். உள்தள்ளலைப் பத்தியின் பாணியில் அமைத்து, அத்தியாய முடிவில் பக்கமுறிவைச் செருகுவதே முறை.

கவிதை தனிக் கவனம் கேட்கிறது. ஒரு கண்ணியின் வரிகளை என்டர் விசையால் முறித்தால் ஒவ்வொரு வரியும் தனிப் பத்தியாகக் கருதப்பட்டு இடைவெளி பெறும். ஷிஃப்ட் விசையுடன் சேர்த்து முறித்தால் கண்ணி ஒன்றாகவே நிற்கும். நீளமான வரி சிறிய திரையில் தானாக மடங்கும்போது, மடங்கிய பகுதி புதிய வரியைப் போலத் தோன்றாமல் இருக்க, இரண்டாம் வரியை மட்டும் உள்தள்ளும் தொங்கல் அமைப்பைக் கொடுக்க வேண்டும். வரிகளைத் திரையெங்கும் சிதறவிட்டுப் பொருள் காட்டும் கவிதைகளுக்கு மின்னூல் அவ்வளவு ஏற்ற இடமன்று. அவற்றைப் படமாக்கி ஒட்டுபவர்கள் உண்டு, ஆனால் அந்தப் படத்தைத் தேடவும் முடியாது, பெரிதாக்கினால் மங்கவும் செய்யும்.

உரைநடைக்கும் ஒரு சொல். வரிகள் இருபுறமும் நேராக முடியும் இருபக்க ஒழுங்கை அச்சில் விரும்புகிறோம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதாலும், பல கருவிகள் வரியிறுதியில் தமிழ்ச் சொற்களைப் பிரிக்காது என்பதாலும், கைப்பேசித் திரையில் அந்த ஒழுங்கு சொற்களுக்கிடையே பெரிய ஓட்டைகளை உண்டாக்கும். இடப்பக்க ஒழுங்கு போதும். எழுத்துருவைக் கோப்புக்குள் வைப்பதென்றால், நோட்டோ போன்ற திறந்த உரிமத்தில் வரும் எழுத்துருவை வையுங்கள். விலைக்கு வாங்கிய எழுத்துருவுக்கு மின்னூலில் பொதிப்பதற்கான உரிமம் தனியாகத் தேவைப்படலாம். வாசகர் தமக்குப் பிடித்த எழுத்துருவுக்கு எப்படியும் மாற்றிக்கொள்வார் என்பதால் இதில் நீண்ட நேரம் செலவிடுவதற்கில்லை.

படங்களை வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டாமல் கோப்பாகச் செருக வேண்டும். மின்மைத் திரை (இ-இங்க்) கொண்ட கருவிகள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை என்பதால், சிவப்புக் கோடு எது, பச்சைக் கோடு எது என்று நிறத்தை நம்பி நிற்கும் வரைபடம் அங்கே பயன்படாது. ஒவ்வொரு படத்துக்கும் அதை விளக்கும் மாற்று உரையை எழுதிச் சேர்த்தால், திரையைப் படித்துக்காட்டும் மென்பொருளைச் சார்ந்திருப்பவர்களும் நூலை முழுமையாகப் பெறுவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் மின்னூல்களுக்கும் பொருந்துகிறது. மிகச் சிறிய நிறுவனங்களுக்கு அதில் விலக்கு உண்டென்றாலும், செய்வதற்கு எளிதான இதைச் சட்டம் வந்து சொல்லக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆவணம் தயாரானதும் அதை ஈபப் ஆக்குவதற்குக் கேலிபர் என்ற இலவச மென்பொருள் போதும். உள்ளே இறங்கிச் செப்பனிட விரும்புபவர்களுக்குச் சிஜில் இருக்கிறது. நூலின் மொழி தமிழ் என்று கோப்பில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதைப் பாருங்கள், ஏனென்றால் பல மென்பொருள்கள் கேட்காமலேயே ஆங்கிலம் என்று எழுதிவைத்துவிடும். பிறகு ஈபப்செக் என்னும் சோதனை நிரலில் கொடுத்தால் கட்டமைப்புப் பிழைகளை வரி எண்ணோடு சுட்டிக்காட்டும். கிண்டிலுக்கென்று மோபி வடிவத்தில் மாற்றச் சொல்லும் பழைய அறிவுரைகள் இன்னும் சுற்றிவருகின்றன. சாதாரண உரைநூல்களுக்கு அந்த வடிவத்தை ஏற்பதைக் கேடிபி 2021-லேயே நிறுத்திவிட்டது, ஈபப்பையே கொடுக்கலாம். கிண்டில் பிரீவியூவர் மென்பொருளில் பார்த்த பிறகு, உண்மையான கைப்பேசி ஒன்றில் மிகப் பெரிய எழுத்தளவிலும் இரவு நேரக் கறுப்புப் பின்னணியிலும் சில அத்தியாயங்களையாவது படித்துவிடுங்கள். உரைக்குக் கறுப்பு நிறத்தைக் கட்டாயமாக விதித்த கோப்பு, கறுப்புப் பின்னணியில் எழுத்தே இல்லாத வெறுந்திரையாகத் தெரியக்கூடும் என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

உரிமை

1886-இல் உருவான பெர்ன் ஒப்பந்தத்தின்படி, எழுதியவருக்குப் பதிப்புரிமை எழுதிய அக்கணத்திலேயே கிடைத்துவிடுகிறது. பதிவு செய்வதும் குறியிடுவதும் அதற்கு நிபந்தனைகள் அல்ல. ஆசிரியரின் வாழ்நாளும் அதற்குப் பின் 50 ஆண்டுகளும் அந்த ஒப்பந்தம் வகுக்கும் குறைந்தபட்சக் காலம். பல நாடுகள் அதைவிடக் கூட்டி வைத்திருக்கின்றன. இதே பாதுகாப்பு பிறருடைய எழுத்துக்கும் இருக்கிறது என்பதைத்தான் எழுத்தாளர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள். அத்தியாயத்தின் தலையில் நான்கு வரித் திரைப்பாடல், இணையத்தில் தேடி எடுத்த ஒளிப்படம், மூல ஆசிரியரிடம் கேட்காமல் செய்த மொழிபெயர்ப்பு ஆகிய மூன்றும் நூலையே கடையிலிருந்து இறக்கவைக்கக்கூடியவை. முன்பு ஒரு பதிப்பகம் வெளியிட்ட நூலை மின்னூலாக்க நினைப்பவர் பழைய ஒப்பந்தத்தை எடுத்து, மின்பதிப்பு உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். மின்னூல் என்ற சொல்லே அதில் இல்லாவிட்டாலும் ‘எல்லா வடிவங்களிலும்’ என்ற தொடர் எங்காவது இருக்கலாம். அப்படியிருந்தால் உரிமையை எழுத்து மூலம் திரும்பப் பெற்ற பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்களை எவரும் வெளியிடலாம். ஆனால் இலவசப் பதிப்பு ஏற்கெனவே கிடைக்கும் நூலென்றால், சொந்த மொழிபெயர்ப்போ உரையோ புதிய ஓவியங்களோ சேர்ந்திருந்தாலொழியக் கேடிபி அதை ஏற்பதில்லை. 2023 செப்டம்பர் முதல், உரையோ படமோ மொழிபெயர்ப்போ செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டிருந்தால் ஏற்றும்போதே அதைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் அங்கே இருக்கிறது. எழுத்தாளர் தாமே எழுதியதைத் திருத்த மட்டும் அத்தகைய கருவியைப் பயன்படுத்தியிருந்தால் தெரிவிக்கத் தேவையில்லை. அட்டைப்படம் அதில் உருவானதென்றால் தெரிவிக்க வேண்டும்.

நூலை அடையாளம் காட்டும் பன்னாட்டு எண்ணான ஐஎஸ்பிஎன் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கேடிபியில் மின்னூலுக்கு அது கட்டாயமில்லை. அமேசான் தன் சொந்த அடையாள எண்ணை ஒதுக்கிக்கொள்ளும். பல கடைகளில் ஒரே பதிப்பாளர் பெயரில் விற்க விரும்புபவர் தம் நாட்டின் ஐஎஸ்பிஎன் முகமையிடம் எண் பெறலாம். அச்சு நூலின் எண்ணையே மின்னூலுக்கும் இடுவது மட்டும் தவறு. ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி எண் வேண்டும்.

அட்டையும் விவரங்களும்

கடையில் வாசகர் முதலில் பார்ப்பது கட்டைவிரல் நகத்தளவுப் படம். அந்த அளவில் நூலின் பெயரைப் படிக்க முடியாவிட்டால் அட்டை தோற்றுவிட்டது. 2560 பிக்சல் உயரமும் 1600 பிக்சல் அகலமும் கேடிபி பரிந்துரைக்கும் அளவு; பிற கடைகளும் இதை ஏற்கும்.

நூல் விவரங்களை நிரப்பும் பக்கத்தில் அவசரம் காட்டாதீர்கள். ஆசிரியர் பெயர் எல்லா நூல்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலில், ஒரே முன்னெழுத்தோடு இருந்தால்தான் கடை அவற்றை ஒருவருடையவை என்று சேர்த்துக் காட்டும். கேடிபி மூன்று வகைமைகளையும் ஏழு தேடுசொற்களையும் அனுமதிக்கிறது. ‘நாவல்’, ‘கதை’ போன்ற சொற்கள் வகைமையிலேயே இருப்பதால் அவற்றை மீண்டும் தேடுசொல்லில் இடுவது இடத்தை வீணாக்கும். நூல் எந்தக் காலத்தைப் பற்றியது, எந்தத் தொழிலை, எந்த நிலப்பரப்பைப் பற்றியது என்பவற்றை இடலாம். அறிமுகக் குறிப்புக்கு 4000 எழுத்துகள் வரை இடமுண்டு. முழுவதையும் நிரப்ப வேண்டியதில்லை. திரையில் விரிக்காமலேயே தெரியும் முதல் சில வரிகளில் நூல் எதைப் பற்றியது என்பது வந்துவிட வேண்டும். ஆசிரியரின் வாழ்க்கைக் குறிப்புக்கும் விருதுப் பட்டியலுக்கும் வேறு இடம் இருக்கிறது.

ஒரே கடையா, பல கடைகளா

தனி எழுத்தாளர் எடுக்கும் வணிக முடிவுகளில் இதுவே பெரியது. கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்ந்தால் நூல், சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் சேவையின் சந்தாதாரர்களுக்குக் கிடைக்கும். அவர்கள் முதல்முறை படிக்கும் பக்கங்களின் எண்ணிக்கையை வைத்து, மாதந்தோறும் ஒதுக்கப்படும் பொது நிதியிலிருந்து பங்கு வரும். நூலை இலவசமாகக் கொடுக்க, 90 நாட்களுக்கு ஐந்து நாட்கள் அனுமதி உண்டு. இதற்கு ஈடாக அந்த 90 நாட்களும் மின்வடிவத்தை வேறெங்கும் விற்கவோ இலவசமாகத் தரவோ கூடாது. அச்சுப் பதிப்புக்கு இந்தத் தடை இல்லை.

‘வேறெங்கும்’ என்பதில் எழுத்தாளரின் சொந்த வலைப்பூவும் அடக்கம். மாதிரியாகப் பத்து சதவீதம் வரை வைத்திருக்கலாம், அதற்கு மேல் கூடாது. இணையத்தில் தொடராக எழுதி, வாசகர்களின் வரவேற்பைப் பார்த்து நூலாக்கும் எழுத்தாளர்கள் அதிகம் சிக்குவது இங்கேதான். தொடரின் அத்தியாயங்கள் திறந்தே இருந்தால் அது விதிமீறல், கணக்கே முடக்கப்படலாம். முன்பு வேறு கடைகளில் இருந்த நூலென்றால், அங்கிருந்து இறக்கச் சொல்லிய பிறகும் சில கடைகளில் அது சில காலம் தங்கியிருக்கும் என்பதால், எல்லா இடங்களிலும் மறைந்துவிட்டதைத் தேடி உறுதிசெய்துகொண்டு சேர வேண்டும். திட்டம் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்பதையும், அதை நிறுத்தும் தெரிவு கணக்கிலேயே இருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பல கடைகளுக்குச் செல்ல விரும்புபவர் ஆப்பிள் புக்ஸ், கூகுள் பிளே புக்ஸ், கோபோ ஆகியவற்றில் தனித்தனியே கணக்குத் திறக்கலாம். அல்லது ட்ராஃப்ட்டுடிஜிட்டல் போன்ற விநியோகத் தளம் ஒன்றில் ஒருமுறை ஏற்றி எல்லாவற்றுக்கும் அனுப்பலாம். அவர்கள் விற்பனை விலையில் ஏறத்தாழ பத்து சதவீதம் எடுத்துக்கொள்கிறார்கள். தமிழ் நூலை எந்தக் கடை ஏற்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். யாரென்று வாசகர்களுக்கு இன்னும் தெரியாத எழுத்தாளரின் முதல் நூலுக்குச் செலக்ட் திட்டத்தில் ஒரு 90 நாள் இருந்து பார்ப்பது நட்டமில்லாத வழி. எழுத்து ஏற்கெனவே இணையத்தில் பரவி, வாசகர்கள் பல இடங்களில் இருப்பவருக்கு அந்தக் கட்டுப்பாடு நன்மையைவிட இழப்பையே அதிகம் தரும்.

விலையின் கணக்கு

கேடிபியில் 70 சதவீதம், 35 சதவீதம் என்று இரண்டு உரிமத்தொகை (ராயல்டி) விகிதங்கள் உள்ளன. டாலர் கணக்கில் 2.99 முதல் 9.99 வரை விலையுள்ள நூலுக்கே முதலாவது கிடைக்கும்; சில நாடுகளின் விற்பனைக்கு அதைப் பெறச் செலக்ட் திட்டத்திலும் இருக்க வேண்டும். அதோடு, 70 சதவீதத்தைத் தேர்ந்தால் கோப்பின் அளவுக்கேற்ப அனுப்புகட்டணம் கழிக்கப்படும். அமேசானின் அமெரிக்கக் கடையில் அது ஒரு மெகாபைட்டுக்கு 15 சென்ட். 4.99 டாலர் விலையுள்ள ஒரு நாவலின் கோப்பு 2 மெகாபைட் என்றால் 30 சென்ட் கழிந்து எழுத்தாளருக்கு 3.28 டாலர் வரும். அதே விலையுள்ள, படங்கள் நிறைந்த நூல் 20 மெகாபைட் என்றால் 3 டாலர் கழிந்துபோய் 1.39 டாலர்தான் மிஞ்சும். அனுப்புகட்டணம் இல்லாத 35 சதவீதத்தைத் தேர்ந்திருந்தால் 1.75 டாலர் கிடைத்திருக்கும். படங்களின் அளவைக் குறைத்துச் சேமிப்பது ஏன் பணத்தோடு தொடர்புடைய வேலை என்பது இந்தக் கணக்கில் தெரியும்.

ஆப்பிள் விலை வரம்பின்றி 70 சதவீதம் தருகிறது, கோபோ 2.99 டாலருக்குக் கீழே 45 சதவீதமும், அதற்கு மேல் 70 சதவீதமும் தருகிறது. ஒரு கடையில் விலையைக் குறைத்தால் அமேசான் அதைக் கண்டு தானும் குறைத்துவிடலாம் என்பதால் எல்லாக் கடைகளிலும் ஒரே விலையை வைப்பது நல்லது. மிகக் குறைந்த விலை அதிக வாசகர்களைக் கொண்டுவரும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. தொடர் வரிசையின் முதல் நூலுக்கு அது பொருந்தும், தனித்து நிற்கும் நூலுக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

கேடிபியில் ஒருவர் ஒரு கணக்கு மட்டுமே வைத்திருக்கலாம். திறக்கும்போது வரி விவரங்களைக் கேட்பார்கள். அமெரிக்கர் அல்லாதவர் டபிள்யூ-8பென் படிவத்தை நிரப்புவார். தம் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இருந்தால் அதைக் குறிப்பிட்டு, தம் வரி எண்ணையும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அமெரிக்க விற்பனையில் 30 சதவீதம் பிடித்தம் செய்யப்படும். பணம், விற்ற மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாட்களுக்குப் பிறகே வரும்.

வெளிவந்த பிறகு

குடும்பத்தினரையும் நெருங்கிய நண்பர்களையும் மதிப்புரை எழுதச் சொல்வது இயல்பான ஆசை. அமேசான் அதைத் தடைசெய்திருக்கிறது, காசுக்கு எழுதும் மதிப்புரையையும் தடைசெய்திருக்கிறது. அவர்கள் படித்துப் பிடித்திருந்தால் பிறரிடம் சொல்லட்டும். நூலின் கடைசிப் பக்கத்தில் ஆசிரியரின் பிற நூல்களுக்கான இணைப்பையும், மின்னஞ்சலில் தொடர்பில் இருப்பதற்கான வழியையும் வைப்பது விளம்பரங்களைவிட நீண்ட நாள் பயன் தரும், ஏனென்றால் அந்தப் பக்கத்தை எட்டுபவர் நூலை முழுவதும் படித்து முடித்தவர்.

பிழைகளைச் சுட்டிக்காட்டி வாசகர்கள் எழுதுவார்கள். அவற்றைத் திருத்தி அன்றன்றே ஏற்றாமல், மூலக் கோப்பில் சேர்த்துவைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை புதிய கோப்பை ஏற்றுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களின் கருவியில் அது தானாக மாறிவிடும் என்று எண்ண வேண்டாம். திருத்தம் எப்போதும் மூல ஆவணத்தில்தான் நிகழ வேண்டும். அவசரத்துக்கு ஈபப்பில் மட்டும் திருத்தினால், அடுத்த முறை ஆவணத்திலிருந்து உருவாக்கும்போது பழைய பிழைகள் அனைத்தும் திரும்ப வந்துவிடும். பதிப்புரிமைப் பக்கத்தில் திருத்திய மாதத்தையும் ஆண்டையும் இட்டுவைத்தால் எந்தப் பிரதி எப்போதையது என்பது தெரியும். புதிய அத்தியாயம் சேர்க்கும் அளவுக்கு மாற்றம் இருந்தால் அதை இரண்டாம் பதிப்பாகவே வெளியிடுவது முறை.

ஒவ்வொரு நூலுக்கும் ஒரு கோப்புறை வைத்து, மூல ஆவணம், ஈபப், அட்டையின் அடுக்குகள் கலையாத மூலம், எழுத்துரு மற்றும் பட உரிமங்கள், பழைய ஒப்பந்தங்கள், உரிமத்தொகை அறிக்கைகள் ஆகியவற்றை இரண்டு இடங்களில் சேமித்துவையுங்கள். பதிப்புரிமை ஆசிரியரின் காலத்துக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் நீடிப்பதால், இந்தக் கோப்புறை எங்கே இருக்கிறது, எந்தக் கடையில் எந்த மின்னஞ்சலில் கணக்கு இருக்கிறது, உரிமை யாருக்குச் சேர வேண்டும் என்பவற்றை உயிலிலோ அதனோடு இணைத்த ஒரு தாளிலோ எழுதிவைத்து, அந்தத் தாள் இருப்பதை வாரிசுகளில் ஒருவருக்காவது சொல்லிவைக்க வேண்டும்.